பொட்டு வைக்க ஒரு தகடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் என்னை மன்னித்துவிடு. இரண்டு வரிக்கு மேல் எதை எழுதி அனுப்பினாலும், "பாப்பா, இத யாரு குந்திப் படிக்கறது, போனப் போடு" என்பாய். போன் எடுக்கிற இடத்தில் நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும் போலிருக்கிறது.

நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் மன்னித்துவிடு. உனக்கு மட்டும் என்று எழுத உட்கார்ந்தால் 'அண்ணா' என்ற சொல்லைத் தாண்டிப் போகவே முடிவதில்லை. வேறு யாரோ படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த வரிக்கு வந்துவிடுகிறேன். உன் பெயரையும் நம் ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுத வரவில்லை. இருக்கிறோம். அப்பா தறி ஓட்டுகிறார். நூல் அறுந்து தறி தானாக நின்றால் முன்பெல்லாம் திட்டிக்கொண்டே போய் முடிச்சுப் போடுவாரே, இப்போது திட்டுவதில்லை. நின்ற தறியின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார். "என்னங்கப்பா?" என்று கேட்டால், "இந்தத் தறிக்கு இருக்குற அறிவு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிறார். மீதியை நான் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வண்டியைத் துடைத்து, உதைத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுகிறார். அதில் ஏறுவதில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் மணி எழுந்து ரோடு வரைக்கும் ஓடிப்போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. நாய்க்கு யார் சொல்லிப் புரிய வைப்பது?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது அண்ணா. நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். அதை வாங்கிய அன்று, வெளியே வந்து யாரிடம் முதலில் நீட்டுவது என்று தெரியாமல் கல்லூரி வாசலில் நின்றேன். அப்பாதான் வந்திருந்தார். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். நீயாக இருந்தால் பேன்ட்டில் துடைத்திருப்பாய்.

வேலை சேலத்தில். காலையில் ராசிபுரம் போய் அங்கிருந்து பஸ் மாறிப் போகிறேன். இடம் கிடைத்தால் ஜன்னல் ஓரம், கிடைக்காவிட்டால் கம்பி. பஸ்ஸில் யாரிடமும் பேசுவதில்லை. அது மாறவில்லை.

என்ன வேலை என்று கேட்டிருப்பாய். உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். இரும்புத் தகடு வெட்டுகிற லேசர் பெட்டிகள் எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகின்றன. பெட்டியாக வரும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. கதவு சாத்தியிருக்கிறதா, மேசையருகே ஆள் இருக்கிறாரா, குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறதா, புகையை இழுக்கிற காற்றாடி சுற்றுகிறதா, எதுவும் தெரியாது. விடு என்றால் ஒளியை விடும். அந்த ஒளி கண்ணுக்கும் தெரியாது. பெட்டியின் முதுகில் ஒரு சொருகி இருக்கிறது. கதவும் தண்ணீரும் காற்றாடியும் மேசையும் தங்கள் தங்கள் பக்கத்திலிருந்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் அந்தச் சொருகி வழியாக உள்ளே அனுமதி போக வேண்டும். அந்தச் சொருகிக்கு வெளியே இருக்கிற ஒயரெல்லாம் என் வேலை.

சோதனை செய்து பார்ப்பதற்கென்று பெட்டியோடு ஒரு போலிச் சொருகியும் வரும். வெளியே ஒன்றுமே இல்லாவிட்டாலும் 'எல்லாம் சரி' என்று பொய் சொல்கிற சொருகி. எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் வேலையாக அதைக் கழற்றி என் பையில் போட்டுக்கொள்கிறேன். திருப்பிக் கேட்டால்கூடக் கொடுப்பதில்லை.

"பொம்பளப் புள்ள, பட்டறை பட்டறையா அலையணுமே, இந்த வேலை எதுக்கும்மா?" என்று நேர்முகத்தில் கேட்டார்கள். "பிடிக்குங்க" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

இனி அந்த ஆயுத பூசைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியவில்லை.

அப்போது நான் கடைசி வருடம். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தபோது, நீ லேசர் ஓட்டிய லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து கூப்பிட்டாய். நீ பேசியது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"பாப்பா, என்ன பண்ற?"

"மாவெலை கட்டறேன். நீ எப்பண்ணா வார?"

"வாரேன், வாரேன். இங்க ஒரு கூத்தக் கேளு. மொதலாளி ஊட்டு அம்மா மெசினுக்கெல்லாம் பொட்டு வெச்சுதா, அந்த லைட் கர்ட்டனயும் உடல. ரெண்டு கம்பத்துலயும் மேலருந்து கீழ வரைக்கும் சந்தனம், குங்குமம், வரிசையா. பாக்கறதுக்கு அம்சமாத்தான் இருக்குது. ஆனா மெசின் எந்திரிக்கவே மாட்டேங்குது!"

நான் சிரித்துவிட்டேன். லைட் கர்ட்டன், அதாவது ஒளித்திரை, என்பது மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற இரண்டு கம்பங்கள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் ஓடும். ஆளோ கையோ குறுக்கே வந்தால் மேசை நின்றுவிடும். "கண்ணுல சந்தனத்த அப்புனா அது எப்படிண்ணா பாக்கும்?" என்றேன்.

"அதத்தான் சொல்றேன். தொடைக்கலாம்னு துணிய எடுத்தா அந்தம்மா மொகம் அப்படியே வாடிப்போச்சு. பூசை போட்ட கையோட பொட்ட அழிக்கறயா சாமின்னுது. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நல்ல நேரம் வேற முடியப்போகுது, எல்லாரும் தேங்காயக் கையில வெச்சுக்கிட்டு மெசின் எப்ப ஓடும்னு நிக்கறாங்க. பொட்டிக்குப் பின்னால போயி ஒரு ஒயரப் போட்டு உட்டுட்டேன். ஓடிருச்சு. எல்லாரும் கை தட்டறாங்க. நான் பண்ணுனத ஒருத்தரும் பாக்கல."

"எடுத்துருண்ணா."

"லீவு முடிஞ்சு வந்து, தொடச்சுட்டு எடுத்துக்கலாம். பொரி கொண்டாரட்டா, சுண்டல் கொண்டாரட்டா?"

"ரெண்டும்."

இரண்டும் கொண்டு வந்தாய். பொட்டலத்தை நீட்டியபோது உன் விரல் நுனியில் சந்தனம் காய்ந்திருந்தது. வாசமாக இருந்தது.

லீவு முடிந்து வந்தபோது தீபாவளிக்கு முன் லாரிகளை வெளியே அனுப்பவேண்டும் என்ற அவசரம். ஓடுகிற மெசினின் பெட்டியை யார் திறந்து பார்ப்பார்கள்? சந்தனம் தானாகக் காய்ந்து உதிர்ந்துவிட்டது. கம்பங்களில் மறுபடியும் பச்சை விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து எல்லோரும் நம்பினார்கள். நீயும் நம்பியிருப்பாய். மறந்தும் போயிருப்பாய்.

பிறகு ஒரு பகலில், வெட்டி முடிந்த தகட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டு மேசைக்கு அடியில் விழுந்தது. நீ குனிந்து கையை நீட்டினாய். உள்ளே இருந்த மேசையும் வெளியே இருந்த மேசையும் இடம் மாறுகிற நேரம் அது.

அந்தத் திரை உன்னைப் பார்த்தது அண்ணா. பக்கத்தில் நின்றவர் சொன்னார், கம்பத்தில் விளக்கு சிவப்பாக மாறியதாம். பார்த்தது. பார்த்ததை மேசைக்குச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய வழியில் அந்த ஒயர் குறுக்கே நின்று 'சரி, சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்கு மேல் அன்றைக்கு நடந்ததை எழுதமாட்டேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் பெட்டியைத் திறந்து ஒயரைக் கண்டுபிடித்தார்கள். யார் போட்டது என்று தெரியவில்லை என்று முடித்துவிட்டார்கள். உன் முதலாளி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார், தான் போடச் சொல்லவே இல்லை என்று. நம் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம் உண்டு. ஒரே ஒரு ஒயருக்கு ஏமாறுகிற மாதிரி அந்தத் திரையைக் கட்டவிட்டதற்காக, அதற்குப் பிறகு ஒருநாளும் திறந்து பார்க்கச் சொல்லாததற்காக. ஆனால் அந்தச் சத்தியம் பொய்யில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

விளக்கு வைக்கிற நேரம் ஆனால் அம்மா வாசலுக்கு வந்து நிற்கிறாள். கிழக்கே பார்த்து, இரண்டு கையையும் தூக்கி, சாபம் விடுகிறாள். தினமும். அந்த வழியாகப் போகிறவர்கள்கூட அந்த நேரத்துக்கு வேறு சந்தில் போகிறார்கள்.

"அந்த ஒயரச் சொருவுன கை அழுகிப் போகோணும். புழுப் புழுத்துப் போகோணும். என்ற சாமியத் தின்ன கைக்குச் சோறு எடுத்து வாயில வெக்கறதுக்கு வலு இல்லாமப் போகோணும். அந்தக் கைக்குச் சொந்தக்காரன் எங்கிருந்தாலும் தூங்கக்கூடாது ஆத்தா."

நான் உள்ளே அடுப்படியில் நிற்பேன். அந்தக் கையை எனக்குத் தெரியும் அண்ணா. கட்டைவிரல் நகத்துக்குக் கீழே தறியில் ஓடுகிற நாடாக்கட்டை பட்ட தழும்பு உள்ள கை. எனக்குப் பொரி கொண்டு வந்த கை. அம்மா வளர்த்த கை.

ஒருநாள் தாங்காமல் வெளியே வந்து, "சாபம் உடாதம்மா, போதும்மா" என்றேன்.

"உனக்கென்ன கண்ணு, நீ படிச்சவ. சட்டம் பேசுவ. எரியறது என்ற வயிறு" என்றாள்.

திரும்ப அடுப்படிக்கே போய்விட்டேன். சொன்னால் சாபம் நின்றுவிடும். அம்மா நிற்பாளா? இத்தனை நாளும் விட்டதெல்லாம் யார்மேல் போய் விழுந்தது என்று தெரிந்தால், அதையெல்லாம் எந்த வாயால் திரும்ப எடுப்பாள்? இதைக் கேட்க எனக்கு உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் புது லேசர் இறங்கியிருக்கிறது. உன்னுடையது மாதிரியே இரண்டு மேசை. உள்ளே ஒன்று வெட்டிக்கொண்டிருக்க, வெளியே இருப்பதில் துண்டுகளைப் பொறுக்குவார்கள். ஒயர் வேலை முழுவதையும் இந்த முறை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். என்னோடு யாரும் வரவில்லை.

திரையிலிருந்து பெட்டிக்கு இரண்டு தனித்தனி வழியாகச் சேதி வரும்படி இழுத்தேன். இரண்டும் சேர்ந்து, ஒரே நேரத்தில், 'ஆள் இல்லை, சரி' என்று சொல்லவேண்டும். ஒன்று சொல்லி மற்றது சொல்லாவிட்டால் பெட்டி நம்பாது. இரண்டும் எந்நேரமும் சொல்லிக்கொண்டே இருந்தாலும் சந்தேகப்படும். நிறுத்திவிடும். மறுபடி ஓட்டுகிற பொத்தானை வெளியே, மேசை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தேன். அங்கே நின்று அழுத்துகிறவர் மேசையருகே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்காமல் அழுத்த முடியாது.

முடித்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டு விளக்கிச் சொல்லவேண்டும். அதுதான் எனக்குக் கஷ்டம். வகுப்பில் எழுந்து நின்று பெயர் சொல்லவே எனக்கு வியர்க்கும் என்பது உனக்குத் தெரியும். குமரேசன் என்று ஒருவர் அங்கே லேசர் ஓட்டப்போகிறவர். உன் வயதுதான் இருக்கும். நான் பேசி முடிப்பதற்குள் கையைத் தூக்கினார்.

"மேடம், எல்லாஞ் சரிங்க. எங்களுக்கு ஒரு பைபாஸ் சாவி மட்டும் போட்டுக் குடுத்துருங்க. அவசரத்துக்கு ஆகும்."

"இல்லீங்க. அது முடியாதுங்க."

"முடியாதுன்னா எப்படீங்க? இத்துனூண்டு பீஸ் எடுக்கறதுக்கெல்லாம் நின்னு நின்னு போனா லாரி எப்ப வெளிய போகும்? நாங்க என்ன பொடுசுங்களா, ஓடற மேசைக்குள்ள கையக் கொண்டி உடறதுக்கு?"

"ஏப்பா குமரேசா, மேடத்த அழ வெச்சு உட்டுராத" என்றார் பின்னால் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

என் குரல் வழக்கம்போல எங்கோ போய்விட்டது. பேச வராததால் ஒரு துண்டு ஒயரை எடுத்து அவரிடம் நீட்டினேன். மின்சாரத்தை அணைத்தேன். எல்லோரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். "நீங்களே போட்டுப் பாருங்க" என்றேன்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உற்சாகமாகப் பெட்டிக்குப் போனார். போட்டார். மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு எரிந்தது. மெசின் அசையவில்லை. அணைத்து, வேறு இடத்தில் மாற்றிப் போட்டார். சிவப்பு. தலையைச் சொறிந்தார்.

"ஏனுங் மேடம், ஏமாற மாட்டேங்குதே!"

"உன்ற சம்சாரம் மாதிரின்னு சொல்லு" என்றார் பின்னால் இருந்தவர். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

உன் மெசின் ஏமாந்துவிட்டது அண்ணா. ஒரே ஒயரில்.

ஒயரை எடுத்துவிட்டு நான் எல்லாவற்றையும் பழையபடி சரிபார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். வயதானவர். என்னை அம்முணி என்றுதான் கூப்பிடுவார். மெசினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் அம்சமா இருக்குது அம்முணி. பூசை வருதே, இதுக்குப் பொட்டு எங்க வெக்கறது? எங்க ஊட்டுல உட்டா கண்ணுல பட்ட எடத்துலயெல்லாம் வெச்சுரும்."

நான் அந்தக் கம்பங்களைப் பார்த்தேன். பொட்டு வைக்காதீர்கள் என்று சொல்ல முடியுமா? சொன்னால் கேட்பார்களா? அந்த அம்மாவின் முகம் வாடியதற்குத்தானே நீ துணியைக் கீழே வைத்தாய்.

"பொட்டுக்குன்னே ஒரு எடம் பண்ணித் தாரனுங்க" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

எவர்சில்வரில் ஒரு தகடு. மெசினின் முகப்பில், எல்லோர் கண்ணிலும் படுகிற உயரத்தில், திரையை விட்டுத் தள்ளி. பொட்டு அங்கே, மாலை அங்கே, கற்பூரத் தட்டு காட்டுவதும் அங்கே. மற்ற இடத்தில் கை வைக்க வேண்டியதே இல்லை. கம்ப்யூட்டரில் வரைந்தேன். "மேல பிள்ளையார் சுழி போட்டுரு அம்முணி" என்றார் முதலாளி. தகட்டின் நடுவில் 'உ' வெட்டி எடுக்கும்படி சேர்த்தேன். அந்த மெசின் வெட்டிய முதல் பொருள் அதுதான்.

குமரேசன்தான் ஓட்டினார். வெட்டி முடித்து மேசை வெளியே வந்தது. தகட்டைத் தூக்கியதும் எழுத்திலிருந்து வெட்டுப்பட்ட சின்னத் துண்டு கழன்று மேசைக்கு அடியில் விழுந்தது. அவர் தள்ளி வந்து பொத்தானை அழுத்தியதும், அடுத்த தகட்டை வெட்டுவதற்காக மேசைகள் இடம் மாறத் தொடங்கின. "அடடா, பிள்ளையார் சுழி கீழ உழுந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே குமரேசன் குனிந்து கையை நீட்டினார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. குமரேசன் என்று கத்தவில்லை.

மேசை நின்றது.

அவர் தோளுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. விளக்கு சிவப்பு. அவர் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பொடுசு இல்லை என்று சற்று முன்பு சொன்னவர்தான்.

நின்றுவிட்டது அண்ணா. தறி நிற்கிற மாதிரி. அப்பா பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதி எனக்கு அப்போது புரிந்தது.

நான் வெளியே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் குமரேசன் வந்து தள்ளி நின்றார்.

"மேடம், அந்தச் சாவி வேண்டாங்க."

தலையாட்டினேன்.

"இந்த மாதிரி யாராச்சும் மாட்டியிருக்காங்களா மேடம்?"

"ஒருத்தருங்க. லேசர் ஓட்டிட்டிருந்தவருங்க."

"அங்க பைபாஸ் பண்ணி வெச்சது யாராம்? எந்தப் பாவி?"

குழாயை மூடாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவி என்று அவர் தெரியாமல்தான் சொன்னார். அம்மாவும் தெரியாமல்தான் சொல்கிறாள். எத்தனை பேர் வாயில் நீ இப்படிப் பெயரில்லாமல் விழுந்துகொண்டிருக்கிறாய்? குழாயை மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கிளம்பும்போது முதலாளி கூப்பிட்டார். "பூசைக்கு உங்கம்மாவயும் கூட்டியா அம்முணி. பொண்ணு பூட்டுன மெசினு. பெத்தவ கையாலயே மொதப் பொட்டு வெக்கட்டும். எங்க ஊட்டுலயும் அதான் சொல்லுது."

அம்மா வரமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ போன பிறகு அம்மா எந்த ஆயுதத்துக்கும் பொட்டு வைத்ததில்லை. தறிக்கும் இல்லை. அரிவாள்மனையைக்கூடக் கழுவி வைத்ததில்லை. பூசையன்று வாசலைப் பெருக்காமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாள். பிறகு, "நிக்குமா கண்ணு?" என்றாள்.

"நிக்கும்மா."

"நீ பாத்தயா?"

"கண்ணால பாத்தம்மா. ஒருத்தரு கைய நீட்டுனாரு. நின்னுருச்சு."

கீரையைக் கீழே வைத்தாள். "அப்ப வாரேன். எனக்கு ஒருக்கா நின்னு காட்டச் சொல்லு. நின்னா, வெக்கறேன் பொட்டு" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, மூடியபடியே கேட்டாள்: "பொட்டுக்குன்னு எதுக்குத் தனியாத் தகடு? எங்க வெச்சா என்னவாம்?"

"வந்து பாரும்மா, சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமும் வாசலில் போய் நின்றாள். அந்தக் கை அழுகிப் போகோணும் என்றாள்.

பூசைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. குங்குமச் சிமிழைத் தேடி எடுத்துக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். சந்தனக் கட்டைக்கு ராசிபுரத்தில் சொல்லியிருக்கிறாள். அந்தத் தகட்டின் முன்னால் போய் நிற்கும்போது மறுபடி கேட்பாள். அம்மா விடமாட்டாள், உனக்குத் தெரியும். அழகுக்கு என்று சொல்லலாம். முதலாளி கேட்டார் என்று சொல்லலாம். வேலை செய்கிற இடத்தில் ஒரு பொய்யான 'சரி'யைக்கூட விட்டுவைக்காமல் கழற்றி எறிகிறேன். அம்மாவிடம் மட்டும் எப்படி அதைச் சொருகுவேன்?

சொன்னால் எல்லாவற்றையும் சொல்வேன். வெறும் ஒயரை மட்டும் சொல்லமாட்டேன். ஒரு அம்மாவின் முகம் வாடியதைச் சொல்வேன். அவர் உன்னைச் சாமி என்று கூப்பிட்டதைச் சொல்வேன். தேங்காயோடு எல்லோரும் காத்து நின்றதை, மெசின் ஓடியதும் கை தட்டியதை, எனக்கு இரண்டும் வாங்கி வந்ததை. சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்திலேயே இருப்பேன். அம்மா விழுந்தால் பிடித்துக்கொள்வேன். என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன். விட்ட சாபத்தையெல்லாம் திரும்ப எடுக்க எவ்வளவு காலம் ஆனாலும் கூட உட்கார்ந்திருப்பேன்.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். இனி நான் பூட்டுகிற ஒவ்வொரு மெசினிலும் அந்தத் தகடு இருக்கும். கேட்டாலும் கேட்காவிட்டாலும். எவர் வீட்டு அம்மா வந்தாலும் முகம் வாடாமல் பொட்டு வைத்துவிட்டுப் போகலாம். எவர் வீட்டுப் பையனும் பெட்டிக்குப் பின்னால் போக வேண்டியதில்லை.

உன் பெயரை ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். இது அம்மா காதுக்கு வேறு யார் வாய் வழியாகவும் போகக்கூடாது.

இவ்வளவு எழுதியும் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் சரி என்று சொன்னால்தான் ஓடும் என்று எழுதினேனே. ஒரு பக்கம் நான். என் பக்கம் சரி என்றாகிவிட்டது. நீ சொல்லாமல் என் வாய் திறக்காது. தூக்கக் கலக்கத்தில் நான் எதைக் கேட்டாலும் 'ம்' கொட்டுவாயே, அந்த ஒரு 'ம்' போதும்.

அந்தக் கை உன்னுடையது என்று அம்மாவிடம் சொல்லட்டுமா, அண்ணா?

பொரி, சுண்டல் இரண்டும் கேட்ட
உன் பாப்பா